ஒரே பெட்டியா, இரண்டு பெட்டிகளா: பேஸ் பெடல் சிந்தசைசரும் அதன் ஃபர்ம்வேரும்

காலால் மந்தர ஸ்வரங்களை வாசிக்க விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. கட்டைகளும் ஒலியை உருவாக்கும் மின்சுற்றும் ஒரே உடலில் அமைந்த பேஸ் பெடல் சிந்தசைசரை வாங்கலாம். அல்லது தனக்கென்று ஒலி இல்லாத மிடி பெடல் பலகை ஒன்றை வாங்கி (மிடி என்பது இசைக்கருவிகள் ஸ்வரக் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது மொழி), தனியான ஒலிப்பெட்டியோடு கேபிளால் இணைத்துக்கொள்ளலாம். நான் முதல் வழியில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு இரண்டாவது வழிக்கு மாறினேன். பழைய கருவியின் ஒலியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் ஃபர்ம்வேர்தான், அதாவது கருவிக்குள் பதிந்து அதை இயக்கும் மென்பொருள்தான், என்னை மாற வைத்தது.

எடை, விலை, தூக்கிச் செல்லும் வசதி ஆகியவை எவருக்கும் பார்த்தவுடன் விளங்கக்கூடியவை. ஒரே பெட்டி என்றால் ஒரு மின்கம்பியும் ஓர் ஒலிக்கம்பியும் போதும்; இரண்டு பெட்டிகள் என்றால் கம்பிகள் கூடும், மேடையில் கால் தடுக்கும் இடமும் கூடும். இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூக் நிறுவனத்தின் முதல் டாரஸ் என்னும் பேஸ் பெடல் சிந்தசைசர் 1970களின் நடுப்பகுதியில் வந்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை. 13 கட்டைகள், ஒலி அலையை உருவாக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள், அந்த ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஒரு லேடர் ஃபில்டர், காலாலேயே தள்ளக்கூடிய இரண்டு பெரிய நெம்புகோல்கள், அவ்வளவுதான் கருவி. ரஷ் குழுவின் கெடி லீயும் ஜெனிசிஸ் குழுவின் மைக் ரதர்ஃபோர்டும் அதைக் காலடியில் வைத்து வாசித்தார்கள். அதில் மென்பொருள் இல்லாததால் அப்டேட்டும் இல்லை. வேறு மாதிரி நடக்க வேண்டுமென்றால் சால்டரிங் அயர்னை எடுப்பதே வழி. 2010இல் வந்த டாரஸ் 3 மிடி, யூஎஸ்பி, ஒலியமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம் ஆகியவற்றோடு வந்தது. 2012இல் வந்த மினிடார் அந்த ஒலிக் குடும்பத்தைக் கட்டைகள் இல்லாத சிறு மேசைப்பெட்டியாகத் தந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இன்று நம் முன் இருக்கும் தேர்வு எப்படிப் பிறந்தது என்பது புரியும்.

இத்தகைய கருவியில் ஃபர்ம்வேர் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், பயனர்களின் கோரிக்கைகளில் எது நிறைவேறும், எது நிறைவேறாது என்பதை நாமே கணித்துவிடலாம். ஒலி அனலாகாகவே இருந்தாலும், எந்தக் கட்டை மிதிக்கப்பட்டது என்று படிப்பதும், அதற்குரிய மின்னழுத்தத்தை ஆசிலேட்டருக்கு அனுப்புவதும், சேமித்த அமைப்பை எடுத்துத் தருவதும் உள்ளே இருக்கும் புராசசரின் பொறுப்பு. ஆகவே ஒரு முறை மிதித்தால் ஒலித்துக்கொண்டே இருந்து மறுமுறை மிதித்தால் நிற்கும் ஹோல்டு முறை, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கிளைடு நடக்கும் விதம், ஆக்டேவ் (ஸ்தாயி) மாற்றம், மிதிப்பின் வேகத்தை அளவாக மாற்றும் வெலாசிட்டி வளைவு, மிடி சேனல் ஆகியவற்றைக் கேட்பதில் பொருள் உண்டு. ஒரு நல்ல பொறியாளர் மனம் வைத்தால் அவை அடுத்த பதிப்பில் வந்துவிடும். மூன்றாவது ஆசிலேட்டரையோ, ஒரே குரல் கொண்ட சுற்றில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களையோ, அழுத்தம் உணரும் சென்சார் பொருத்தப்படாத கட்டையில், மிதித்த பின் தரும் அழுத்தத்துக்கேற்ப ஒலியை மாற்றும் ஆஃப்டர்டச்சையோ கேட்பவர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் அது வராது. மினிடாரில் முகப்பில் குமிழ் இல்லாத பல அமைப்புகள் மிடி கட்டளைகளின் வழியாகக் கிடைப்பதற்குக் காரணமும் இதுதான். குமிழுக்கு இடமில்லாவிட்டாலும் புராசசரில் இடம் இருந்தது.

நான் முதன்முதலாக எழுதி அனுப்பிய கோரிக்கை, இரண்டு கட்டைகள் ஒன்றாக மிதிபடும்போது எந்த ஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. கையால் வாசிப்பவருக்கு இது அரிதாக நேர்வது; காலால் வாசிப்பவருக்கோ அன்றாடம். கீழ் ஸட்ஜமத்தை வலது பாதத்தின் முன்பகுதியால் பிடித்திருக்கும்போது, பாதத்தின் அகலத்தால் சுண்டுவிரல் பக்கம் அடுத்த கட்டையை இலேசாகத் தொட்டுவிடும். கடைசியாக மிதிபட்ட கட்டைக்கு முன்னுரிமை தரும் கருவியில் அந்த இலேசான தொடுதலே ஸ்வரத்தை அரைப்படி மேலே தூக்கிவிடும். பெரிய ஒலிபெருக்கியில் அதை அரங்கம் முழுவதும் கேட்கும். மினிமூக் சிந்தசைசரைப் போல் தாழ்ந்த ஸ்வரத்துக்கு முன்னுரிமை தருகிற கருவியில் அதே தொடுதலால் ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கே வேறொரு சங்கடம் உண்டு: கீழிருந்து மேலே ஏறும்போது பழைய கட்டையைவிட்டுக் காலை முழுமையாக எடுக்கும்வரை புதிய ஸ்வரம் வராது. இரண்டில் எது நல்லது என்பது வாசிப்பவரின் காலையும் பாட்டின் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே இரண்டையும் தேர்ந்துகொள்ளும் வசதி வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அந்த ஒரே பெட்டிக் கருவியின் தயாரிப்பாளர் கோரிக்கையை மரியாதையோடு ஏற்றார். பதினான்கு மாதங்களில் புதிய பதிப்பும் வந்தது. அதை ஏற்றும்போது நேர்ந்ததுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

பல கருவிகளில் ஃபர்ம்வேர், அந்தந்தக் கருவிக்கே உரிய தரவைச் சுமக்கும் சிஸ்எக்ஸ் என்னும் மிடி செய்தியாகவே செல்கிறது. மிடி 1983இல் வந்தது. அதன் ஐந்து முனைக் கேபிளின் வேகம் விநாடிக்கு 31,250 பிட்டுகள். ஒரு பைட்டுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்ந்து 10 பிட்டுகள் தேவைப்படுவதால், விநாடிக்கு 3,125 பைட்டுகளே போகும். அதிலும் ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட்டுகளை மட்டுமே தரவுக்குப் பயன்படுத்த முடியும் என்பதால், கோப்பு ஏழுக்கு எட்டு என்ற கணக்கில் பெருக்கிறது. 200 கிலோபைட் கோப்பு இடைவெளியே இல்லாமல் போனாலும் ஏறத்தாழ 75 விநாடிகள் ஆகும். ஒவ்வொரு துண்டையும் எழுதி முடிக்கக் கருவிக்கு நேரம் விட்டு அனுப்பினால் இன்னும் கூடும். இவ்வளவு நேரமும் ஒரு பைட்கூட விடுபடக்கூடாது. நான் பயன்படுத்திய மலிவான யூஎஸ்பி மிடி கேபிள் சிறு செய்திகளைச் சரியாகக் கடத்தியது. நீண்ட சிஸ்எக்ஸ் செய்தியில் நடுப்பகுதியைத் தவறவிட்டது. கருவியின் நான்கு விளக்குகளும் ஒன்றாக எரிந்தபடி நின்றுவிட்டன. ஃபர்ம்வேரை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்னும் சிறு நிரல் பிழைத்திருந்ததால் வேறொரு கேபிளைக் கொண்டு மறுபடி ஏற்ற முடிந்தது. ஆனால் கட்டைகளின் அளவீட்டுத் தரவு அழிந்துபோய், எவ்வளவு மெல்ல மிதித்தாலும் வெலாசிட்டி உச்ச அளவான 127 என்றே வந்தது. அதைத் திரும்ப அமைக்கும் முறை பயனர்களுக்குத் தரப்படவில்லை. பதினோரு கிலோ கருவியைப் பணிமனைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஐந்து வாரங்கள் எனக்குக் கட்டையும் இல்லை, ஒலியும் இல்லை.

இரண்டு பெட்டிகளின் பக்கம் நான் சாய்வது இதனால்தான். எளிய பெடல் பலகையின் வேலை, மிதிப்பை மிடி எண்ணாக மாற்றி அனுப்புவது. அதற்கு அப்டேட் தேவைப்படும் சந்தர்ப்பமே குறைவு. மாறிக்கொண்டே இருக்க வேண்டியவை எல்லாம் ஒலிப்பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்து, கணினியோடு நேரடியாக யூஎஸ்பியில் இணைத்து, பொறுமையாக அப்டேட் செய்யலாம். அது கெட்டுப்போனாலும் அதே பலகையில் வேறு எந்த மிடி ஒலிப்பெட்டியையும் இணைத்து அன்றைய மாலையே வாசிக்கலாம். தயாரிப்பாளர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாடலுக்கு மென்பொருள் தருவதை நிறுத்தினாலும் நான் இழப்பது பாதிக் கருவியைத்தான். விற்க நினைத்தாலும் இரண்டையும் தனித்தனியே விற்கலாம். ஃபர்ம்வேர் கைவிடப்பட்ட ஒலிப்பெட்டியின் மதிப்பு இறங்கினாலும், இரும்பும் சுருள்வில்லும் உறுதியாக இருக்கும் பலகையின் மதிப்பை அது இழுத்துக்கொண்டு போகாது.

புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன் பழைய பதிப்பின் கோப்பையும், சேமித்த ஒலியமைப்புகள் அனைத்தையும் கணினியில் எடுத்து வைப்பது எந்த வழியிலும் கட்டாயம். புதியதில் ஒரு வசதி கூடியிருக்க, நமக்குப் பழகிய கிளைடின் குணம் மாறிப்போயிருக்கலாம். திரும்பிச் செல்ல அனுமதிக்காத கருவிகளும் உண்டு. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பேன்.

இரண்டு பெட்டிகளின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் குற்றம் பலகையினுடையதா, ஒலிப்பெட்டியினுடையதா என்று கண்டுபிடிப்பது நம் தலையில் விழுகிறது. இரு தயாரிப்பாளர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ‘எல்லா ஸ்வரங்களையும் நிறுத்து’ என்னும் 123ஆம் கட்டளையை அனுப்ப ஒரு பொத்தான் பலகையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தை மட்டும் அனுப்பும் பலகைகளும் உண்டு. அவற்றோடு சேரும்போது ஒலிப்பெட்டியில் எந்த முன்னுரிமை வசதி இருந்தும் பயன் இல்லை, ஏனெனில் தீர்ப்பு பலகையிலேயே முடிந்துவிடுகிறது. காலாலேயே ஒலியமைப்பை மாற்றி, அதன் எண்ணைக் காலடியிலேயே பார்க்கும் வசதியில் ஒரே பெட்டிதான் மேல். கட்டைக்கும் ஒலிக்கும் இடையே ஒத்திசைவு தேவைப்படும் கோரிக்கைகளை ஒரே பொறியாளர் குழு எளிதில் நிறைவேற்றிவிடும். தொடர்ந்து பயணம் செய்து ஒவ்வொரு மாலையும் வாசிக்கும் குழுக்களுக்கு எது தாங்கும் என்பதில் என் அனுபவம் போதாது. நான் இரண்டையும் பெரும்பாலும் ஒரே அறையில் நிலையாக வைத்து வாசித்தவன்.

இப்போது என் ஒலிப்பெட்டியின் தயாரிப்பாளரிடம் ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கிறது: மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் ஒலியின் அளவு மாறாமல், ஃபில்டர் மட்டும் திறக்கும்படி வெலாசிட்டியைப் பிரித்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். புராசசரில் முடியக்கூடிய வேலை என்பதால் நம்பிக்கை இருக்கிறது. அதுவரை பலகையின் வெலாசிட்டியை 100 என்று நிலையாக வைத்துவிட்டு, ஃபில்டரை இடது காலின்கீழ் ஓர் எக்ஸ்பிரஷன் பெடலால் (சாய்ப்பதற்கேற்ப அளவை மாற்றும் மிதி) திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.