எஸ்டிஎஸ்011 நுண்துகள் சென்சார்: பள்ளிக்கூட ஆய்வுக்கு எவ்வளவு தாங்கும்?

வகுப்பறைக் காற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று வளரும் நாடுகளில் ஆராயக் கிளம்பும் குழுக்கள் பலவற்றின் கையில் இந்தச் சென்சாரைப் பார்க்கலாம். முழுத் தரமுள்ள கண்காணிப்பு நிலையம் ஒன்றுக்கு ஆகும் காசில் இதை நூற்றுக்கணக்கில் வாங்கிவிடலாம். நிலையங்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கின்றன. பள்ளிகள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. நோவா ஃபிட்னஸ் என்ற சீன நிறுவனத்தின் தயாரிப்பு இது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய சென்சார் கம்யூனிட்டி வலையமைப்பு இதை வைத்தே வளர்ந்ததால் நிரலும் வயரிங் படங்களும் தேடாமலே கிடைக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு அறைகளுக்கு இடையே, இரண்டு மணிநேரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் காட்ட இது கெட்டிக்காரக் கருவி. "இந்த வகுப்பறையில் இத்தனை மைக்ரோகிராம்" என்று ஒற்றை எண்ணை அறிக்கையில் போட இதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

உள்ளங்கை அளவுப் பெட்டி: 71 மி.மீ. நீளம், 70 அகலம், 23 தடிமன். உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை ஒளி உணரி எண்ணுகிறது. 5 வோல்ட் மின்சாரம், சுமார் 70 மில்லி ஆம்பியர். தரவுக் கம்பியில் வருவது 3.3 வோல்ட் என்பதால் இஎஸ்பி8266 போன்ற சிறு வைஃபை மின்பலகைகளோடு நேராக இணைக்கலாம். தரவு வேகம் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். ஒவ்வொரு நொடியும் 10 பைட்டுகள் வரும்: முதலில் 170, அடுத்து 192, கடைசியில் 171. மூன்றாவதும் நான்காவதும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட நுண்துகளின் அளவு. நான்காவதை 256 ஆல் பெருக்கி மூன்றாவதைக் கூட்டி 10 ஆல் வகுக்க வேண்டும். மூன்றாவது 94, நான்காவது 1 என்று வந்தால் 350. அதாவது கன மீட்டருக்கு 35.0 மைக்ரோகிராம். மூன்றிலிருந்து எட்டு வரையுள்ள பைட்டுகளின் கூட்டுத்தொகையை 256 ஆல் வகுத்தால் வரும் மீதி ஒன்பதாவது பைட்டோடு ஒத்துப்போகிறதா என்று நிரலில் கட்டாயம் சரிபாருங்கள். கம்பி தளர்ந்தால் வரும் குப்பை எண்கள் பார்க்க உண்மையான புகைமூட்டம் போலவே இருக்கும்.

லேசரின் ஆயுள் 8000 மணிநேரம் என்கிறது தயாரிப்புக் குறிப்பு. நிறுத்தாமல் ஓட்டினால் 333 நாள், ஒரு கல்வியாண்டுக்குச் சற்று மேல். ஆனால் தூக்க நிலை உண்டு. 1 முதல் 30 நிமிடம் வரை இடைவெளி வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் 30 நொடி ஓடி மீதி நேரம் உறங்கும். 5 நிமிடச் சுற்று வைத்தால் பத்தில் ஒரு பங்கு நேரமே ஓடுகிறது. லேசரைப் பற்றிய கவலை போய்விடும். விசிறி எழுந்ததும் முதல் 15 நொடி வரும் அளவுகளைத் தூக்கிப் போடுங்கள். குழாயில் தங்கியிருந்த பழைய காற்றைத்தான் அப்போது அது படிக்கிறது.

இனி குறைகள். இதே கருவி பிஎம் 10 என்றும், அதாவது 10 மைக்ரான் வரையுள்ள துகள்களுக்கும், ஓர் எண் தருகிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். 1 மைக்ரானைத் தாண்டிய துகள்களைப் பிடிப்பதில் இது மிகவும் பலவீனம். நுண்துகள் எண்ணிக்கையை வைத்துப் பெருந்துகளை ஊகிக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பறை ஆய்வுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கரும்பலகையைத் துடைக்கும்போது பறக்கும் சாக்பீஸ் தூசும், மண் மைதானத்திலிருந்து காலோடு வரும் புழுதியும் பெரும்பாலும் பெருந்துகள். முன்வரிசைப் பிள்ளைகள் தும்மிக்கொண்டிருக்க, திரையில் எண் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து "சாக்பீஸால் பாதிப்பு இல்லை" என்று எழுதினால், கருவியின் குருட்டுத்தனத்தைக் கண்டுபிடிப்பு என்று எழுதியதாகும். மாறாக, விறகடுப்புப் புகை, வைக்கோல் எரிப்பு, குப்பை எரிப்பு, டீசல் புகை ஆகியவற்றுக்கு இது உடனே துள்ளும். அவையெல்லாம் நுண்துகள். சமையற்கூடத்தை ஒட்டிய வகுப்பறைக்கும் மறுகோடி வகுப்பறைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்தது ஈரப்பதம். இதுதான் பெரிய வில்லன். இக்கருவிக்குச் சொல்லப்பட்ட எல்லை 70 சதவீதம். வெப்பமண்டலத்தில் மழைக்கால விடிகாலை 90 ஐத் தொடும். துகள் தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். கருவியோ அதை அழுக்கு என்று கணக்கில் சேர்க்கும். துகள் நீர் உறிஞ்சும் தன்மையைக் குறிக்கும் காப்பா என்ற எண்ணை 0.4 என்று வைத்துக்கொண்டு வழக்கமான திருத்தச் சூத்திரத்தைப் போட்டால், 50 சதவீத ஈரப்பதத்தில் அளவு சுமார் 1.24 மடங்கும், 70 இல் 1.57 மடங்கும், 90 இல் 3.18 மடங்கும் ஊதிப்போகிறது. காப்பா ஊருக்கு ஊர் மாறும். புகையில் குறைவு, கடற்கரையில் அதிகம். எனவே இந்தத் திருத்தமும் தோராயமே.

அதிலும் பலர் கவனிக்காத பொறி ஒன்று இருக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு வேண்டிய ஈரப்பத உணரியை மின்பலகை இருக்கும் அதே பெட்டிக்குள் வைக்கிறார்கள். பலகை சூடாகிறது, பெட்டிக்குள் வெப்பம் 3 டிகிரி கூடுகிறது என்று வையுங்கள். வெளியே 30 டிகிரியில் 90 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம், உள்ளே 33 டிகிரியில் சுமார் 76 என்று தெரியும். திருத்தம் 3.18 க்குப் பதில் 1.77 ஆகிவிடும். கருவி 100 காட்டினால் உண்மையில் 31 என்று வர வேண்டியது, 57 என்று பதிவாகும். ஈரப்பத உணரியைப் பெட்டிக்கு வெளியே, நிழலில், காற்று படும்படி தொங்கவிடுவது பத்து நிமிட வேலை. ஈரப்பத உணரிகளில் பிஎம்இ280 போடுங்கள், டிஎச்டி22 காட்டும் அளவு ஈரமான இடங்களில் நாளடைவில் நகர்ந்துவிடும்.

மின்வெட்டு உள்ள பள்ளிகளில் பவர்பேங்க்தான் கதி. சென்சாரும் பலகையும் சேர்ந்து ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் இழுத்தால், 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர்பேங்க் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இரண்டும் உறங்கும்போதுதான் சிக்கல்: இழுப்பு மிகவும் குறைந்ததும் ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். முதல் சுற்றோடு பதிவு நின்றுபோன கோப்பைப் பார்த்தால் சென்சாரைத் திட்டாமல் பவர்பேங்கைப் பாருங்கள். வைஃபையை நம்பாமல் மெமரி கார்டில் எழுதுங்கள். பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகும். பள்ளி மணி அடித்த நேரத்தோடு தரவைப் பொருத்தப் போகிறீர்கள் என்றால் அது இல்லாமல் முடியாது.

பிறகு பூச்சிகள். காற்று இழுக்கும் துளை சிலந்திக்கு நல்ல வீடு. நூலாம்படை கட்டினால் அளவு திடீரென எகிறும், அல்லது ஒரே எண்ணில் உறைந்துவிடும். துளையில் வளையும் குழாய் மாட்டி, வாயைக் கீழ்நோக்கி வைத்து, முனையில் பெரிய கண் வலை கட்டுங்கள். நெருக்கமான வலை துகளையே தடுத்துவிடும்.

எங்கே வைப்பது? பிள்ளை உட்கார்ந்து மூச்சுவிடும் உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில். ஜன்னல், விசிறி, கரும்பலகை மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். இதே போன்ற இன்னொன்றைக் கூரை விளிம்புக்கு அடியில், வெளியே. வெளியே ஒன்று இல்லாமல் உள்ளே மட்டும் வைத்தால், அழுக்கு வகுப்பறையில் பிறந்ததா, சாலையிலிருந்து வந்ததா என்று கடைசிவரை தெரியாது. வெளிச் சென்சார் ஏறி அரைமணி கழித்து உள்ளது ஏறினால் சாலை; உள்ளது மட்டும் ஏறினால் அடுப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, எல்லாச் சென்சார்களையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டுவது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு கூட ஒரே எண்ணைக் காட்டாது. ஒவ்வொன்றுக்கும் சராசரியோடு ஒப்பிட்ட விகிதத்தைக் குறித்து அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த வாரத்தில் சில நாளாவது வடிகட்டித் தாளை எடைபோடும் கருவிக்கோ, அரசு நிலையத்துக்கோ அருகில் வையுங்கள். ஆய்வு முடிந்ததும் இதையே திரும்பச் செய்யுங்கள்; பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் தவறவிடுகின்றன. லென்ஸில் தூசு படியும்போது அளவு மெல்ல நகரும். முன்விகிதமும் பின்விகிதமும் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தச் சென்சாரின் தரவை நான் ஒதுக்கிவிடுவேன்.

எண்களை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதிலும் அடிக்கடி சறுக்கல். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பிஎம் 2.5 க்கு ஆண்டுச் சராசரி 5, 24 மணிநேரச் சராசரி 15 மைக்ரோகிராம் என்று வைத்தது. ஆறு மணிநேரப் பள்ளி நேரச் சராசரியை எடுத்து அந்த 15 உடன் ஒப்பிட்டு "மூன்று மடங்கு" என்று எழுதுவது தவறு. இரவிலும் ஓட்டி முழு நாள் சராசரி எடுத்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.

மாற்று வேண்டுமா? பிளான்டவர் பிஎம்எஸ்5003 இன்னும் சிறியது. ஆனால் ஆய்வகத்துக்கு ஒன்று, வெளிக்காற்றுக்கு ஒன்று என இரண்டு வரிசை எண் தருகிறது, அவற்றைக் கலந்துவிடும் குழுக்கள் ஏராளம். சென்சிரியான் எஸ்பிஎஸ்30 வாரத்துக்கு ஒருமுறை விசிறியை வேகமாகச் சுற்றித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், ஆயுளும் நீளம், விலை கூடுதல். பல ஆண்டு தொடரும் ஆய்வு என்றால் அதற்கே என் ஓட்டு. பிஎம் 10 குறை அவற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

மதிப்பெண்ணோடு இணைக்கும்போது பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடாதீர்கள். நெடுஞ்சாலை ஓரப் பள்ளியில் அழுக்கு அதிகம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் வசதியும் குறைவாக இருக்கலாம். எது எதற்குக் காரணம் என்று பிரிக்க இந்தச் சென்சாரால் முடியாது. ஒரே வகுப்பின் அழுக்கான நாட்களையும் சுத்தமான நாட்களையும், அந்தந்த நாளின் வருகைப் பதிவேட்டோடு பொருத்திப் பாருங்கள். அங்கே தேவைப்படுவது வித்தியாசம் மட்டுமே. அதைத் தருவதற்கு இது போதும். 20 இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் 24 வாங்குங்கள்: இரண்டு உடையும், இரண்டைக் கடைசி வரை ஒப்பீட்டுக்காக ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.