லிப்ரே ஆபிஸ்: பழைய பதிப்புக்குப் பக்கத்திலேயே சொந்தப் பதிப்பு

சிங்கப்பூரின் தோ பாயோவில் நான் நடத்தும் துணைப்பாட வகுப்புக்கான தமிழ்ப் பயிற்சித்தாள்கள் எல்லாம் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில்தான் உருவாகின்றன. அதில் கைவைக்க மனம் வராது. ஆகவே, மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க, அதன் மூலநிரலிலிருந்து நானே தொகுத்த (அதாவது, நிரல்வரிகளை இயங்கும் மென்பொருளாக மாற்றிய) பதிப்பைத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். நிறுவவே வேண்டாம், தொகுத்த இடத்திலிருந்தே இயங்குகிறது. அருமையான ஏற்பாடு!

கவனிக்க வேண்டியது, நம் அமைப்புகளும் சொற்பட்டியலும் சேமிக்கப்படும் பயனர் கோப்புறையைத்தான். தொடங்கும்போதே ‘யூசர் இன்ஸ்டலேஷன்’ அமைப்பில் வேறு பாதையைக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும். பழையதில் நான் சேர்த்துவைத்த சொற்பட்டியலுக்குச் சேதமில்லை. இரு சாளரங்களையும் அருகருகே வைத்து, அட்டவணைக்குள் ‘ஞௌ’ ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கிறேன்.

முதல் தொகுப்புக்கு மட்டும் பொறுமை வேண்டும். மணிக்கணக்கில் மின்விசிறி இரையும், வட்டில் இடமும் ஏராளமாகப் போகும். அடுத்த முறை மாற்றிய பகுதிகள் மட்டுமே தொகுக்கப்படுவதால் விரைவில் முடிந்துவிடும்.