டில்ட்டிங் கிரைண்டர் - ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

பழைய கிரைண்டர்ல கல்லைத் தூக்கிக் கழுவியே இடுப்பு போச்சுங்க, அதான் தீபாவளிக்கு 2 லிட்டர் டில்ட்டிங் கிரைண்டர் வாங்கினேன், கோயம்புத்தூர் தயாரிப்பு, கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்குன ஊராச்சே. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து போடுவேன், உளுந்து அரை மணி நேரத்துல பந்து மாதிரி பொங்கி வருது, நடுநடுவுல ஐஸ் தண்ணி தெளிச்சா போதும், அப்புறம் அப்படியே சாய்ச்சு வழிச்சிடலாம். சின்னவ ஸ்டூல் போட்டு உக்காந்து கல்லு சுத்துறதையே பாத்துட்டு இருப்பா, அந்த கேப்ல நான் காபிய சூடாவே குடிச்சு முடிச்சிடுறேன், எங்க வீட்ல இதெல்லாம் அபூர்வம்!

மூணாவது மாசமே பெல்ட் லூசாயிடுச்சு, சர்வீஸ் ஆளு வர பத்து நாளாச்சு, அதுவரைக்கும் கடை மாவுதான், மாமியார் மூஞ்சிய பாக்கணுமே. சத்தமும் கொஞ்சம் ஜாஸ்தி, கைக்குழந்தை தூங்குற நேரத்துல போட்டுடாதீங்க.