பெரம்பூர் பிஎச்.டி. ஏஜென்சி: கையெழுத்தைக் கொடுத்துட்டு வராதீங்க

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் எம்.இ., எம்.டெக். முடிச்சிட்டு, வேலை பார்த்துக்கிட்டே ரோபாட்டிக்ஸ்ல பார்ட் டைம் பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கிறவங்களுக்காக எழுதறேன். பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் ஒரு மாடியில் 'ஆராய்ச்சி வழிகாட்டி மையம்'னு ஒண்ணு நடக்குது. என்கிட்ட வாங்கினது 60 ஆயிரம் ரூபாய். அது போனாக்கூடப் போகட்டும். நான் எழுதாத ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை என் பேர்ல இணையத்துல கிடக்கு. அதை எடுக்க வழி தெரியாம அல்லாடிக்கிட்டு இருக்கேன். மையத்தோட பேரை இங்க போடலை. புகார் நடக்குது, வக்கீல் வேண்டாம்னுட்டாரு.

நான் தண்டையார்பேட்டைக்காரன். மணலியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ். 2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, கரையில் ஆளுங்க அதை வாளி வாளியா அள்ளினாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன். மனுஷன் போகக்கூடாத இடத்துக்கு மெஷினை அனுப்பணும்ங்கிற ஆசை அங்கிருந்து வந்ததுதான். என் வேலைக்கு ஒட்டின மாதிரி, குழாய்க்குள்ள ஊர்ந்து போய் துருவையும் விரிசலையும் பார்க்கிற ரோபாட்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு முடிவு பண்ணேன். கம்பெனியில் என்.ஓ.சி. கொடுக்கவும் சம்மதிச்சிட்டாங்க. ஆராய்ச்சியை வழிநடத்துற பேராசிரியர், அதாவது கைடுதான் கிடைக்கலை.

மூலக்கடை மேம்பாலத் தூண்ல ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் போனேன். உள்ளே இருந்தவரு நல்லா பேசினாரு. "சார், டென்ஷனே வேணாம். கைடு நம்ம ஆளு, அவர்கிட்ட இப்பவே இருபது ஸ்காலர் இருக்காங்க. பேப்பர் நம்ம பொறுப்பு. ஒன்றரை வருஷத்துல உங்க பேருக்கு முன்னாடி டாக்டர்." ரோபாட்டை நானே செய்யறேன், தீசிஸை நானே எழுதறேன், கைடைப் பிடிச்சுக் கொடுத்து விண்ணப்பத்தைச் சரியாப் போட்டுக் கொடுத்தாப் போதும்னு அவர்கிட்ட தெளிவாவே சொன்னேன். "அப்ப உங்களுக்கு பேசிக் பேக்கேஜ் போதும் சார்" அப்படின்னு அந்த 60 ஆயிரத்தைச் சொன்னாரு.

ஜீபேயில் வாங்கினாங்க, அதுவும் ஒரு தனி ஆளோட நம்பருக்கு. சர்டிஃபிகேட் ஸ்கேன், போட்டோ, எம்.இ. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட சாஃப்ட் காப்பி எல்லாம் கேட்டாங்க. யுனிவர்சிட்டி ஃபார்ம்ல ஏத்தறதுக்குன்னு ஒரு வெள்ளைத் தாள்ல கையெழுத்து வாங்கி ஸ்கேன் பண்ணிக்கிட்டாங்க. எந்த ஆன்லைன் விண்ணப்பத்துலயும் கையெழுத்து ஏத்தச் சொல்றதால இது வித்தியாசமாவே தெரியாது. ரசீது மட்டும் வேடிக்கை. அதுல பிஎச்.டி.ங்கிற பேச்சே இல்லை, 'திறன் பயிற்சிக் கட்டணம்'னு போட்டிருந்தாங்க.

அவரு சொன்னதுல எதெல்லாம் நடக்காத காரியம்னு சொல்லிடறேன், உங்ககிட்டயும் இதே பல்லவியைத்தான் பாடுவாங்க. யு.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைஞ்சது மூணு வருஷம், சாதாரணமா அதிகபட்சம் ஆறு. பார்ட் டைமுக்கும் அதேதான். ஒன்றரை வருஷங்கிற பேச்சே கிடையாது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்துல எட்டு பேருக்குத்தான் கைடா இருக்கலாம், இணைப் பேராசிரியர்னா ஆறு, உதவிப் பேராசிரியர்னா நாலு. இருபது ஸ்காலரை வச்சிருக்கிற கைடு எங்கிருந்து வந்தாரு? 12 கிரெடிட்டாவது கோர்ஸ் ஒர்க், அதாவது ஆராய்ச்சிக்கான பாடங்களை முடிச்சாகணும். தொலைநிலையிலயோ முழுக்க ஆன்லைன்லயோ பிஎச்.டி. கிடையவே கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஆன்லைன் பிஎச்.டி. தர்றோம்னு வர்ற விளம்பரத்தை நம்பாதீங்கன்னு யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்விக்கான அமைப்பு ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபர்லயே சேர்ந்து அறிவிப்பு விட்டிருக்காங்க. நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல 'யு.ஜி.சி. கேர் அங்கீகாரம்'னு வேற போட்டிருந்தது. கேர்ங்கிறது யு.ஜி.சி. ஏத்துக்கிட்ட ஆராய்ச்சி இதழ்களோட பட்டியல், அதையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுட்டாங்க. நோட்டீஸை மாத்தக்கூட அவங்களுக்கு நேரமில்லை போல.

கொஞ்ச நாள்ல ஒரு 'தற்காலிகப் பதிவு' கடிதம் வந்தது. வேற மாநிலத்துப் பல்கலைக்கழகம், முத்திரை, பதிவு எண் எல்லாம் பக்காவா இருந்துச்சு. நுழைவுத் தேர்வும் எழுதாம, நேர்காணலுக்கும் கூப்பிடாம எப்படிப் பதிவு பண்ணாங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் மேனேஜ்மென்ட் கோட்டா சார்"ன்னாரு. பிஎச்.டி.க்கு மேனேஜ்மென்ட் கோட்டாவா? அந்தப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சிப் பிரிவுக்கே போன் போட்டு எண்ணைச் சொன்னேன். அப்படி ஒரு எண்ணே அவங்ககிட்ட இல்லை, எங்க எண் இந்த வடிவத்துலயே வராதுன்னுட்டாங்க. மையத்துல போய்ச் சத்தம் போட்டேன். "ரெண்டு வாரத்துல ரீஃபண்ட்"னு சொல்லி அனுப்பினவங்க அதுக்கப்புறம் போனையே எடுக்கலை.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் முறைப்படி வேற ஒரு இடத்துல விண்ணப்பிச்சு, நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போனேன். குழாய் ரோபாட்டைப் பத்தி நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. சக்கரம் குழாய்ச் சுவரைப் பிடிச்சு அழுத்துற விசை, வளைவுல எப்படித் திரும்பும், கேபிள் இழுவை, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். ஒரு வயசான பேராசிரியர் மட்டும் லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு இருந்தவரு, தலை நிமிர்ந்து, "ஏம்பா, 850 மில்லிமீட்டர் எட்டுற கை 1.2 மீட்டர் தள்ளி இருக்கிற பொருளை எப்படிப் பிடிச்சது?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே புரியலை. "எந்தக் கை சார்?" அப்படின்னேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாரு.

என் பேர், என் எம்.இ. படிச்ச காலேஜ் பேர். கூடவே முன்னப் பின்ன தெரியாத மூணு பேர். தலைப்பு ரோபாட் கையோட பாதைத் திட்டமிடல் பத்தினது. சோதனைக்கு யூ.ஆர்.5ங்கிற கையைப் பயன்படுத்தினதா எழுதியிருக்கு, போட்டோவும் இருக்கு. ரோபாட்டிக்ஸ் லேப் பக்கம் போனவங்களுக்கு அதைத் தெரியும். யுனிவர்சல் ரோபாட்ஸ் கம்பெனியோடது, ஆறு மூட்டு, 5 கிலோ தூக்கும், எட்டுற தூரம் 850 மி.மீ. ஆனா முடிவுகள் அட்டவணையில் கை 1.2 மீட்டர் தூரத்துல பொருளை எடுத்து வச்சிருக்கு. மூட்டுகளோட கணக்கைக் காட்டுற அட்டவணையில் ஆறு வரிசைக்குப் பதிலா ஏழு இருக்கு. எங்கேயோ ஏழு மூட்டுக் கையை வச்சு யாரோ எழுதினதை எடுத்து, இன்னொரு கட்டுரையோட போட்டோவை ஒட்டியிருக்காங்க. தையல்காரர் ஒருத்தர் சட்டைக்கு இன்னொருத்தர் கையை வச்சுத் தைச்ச மாதிரி இருந்துச்சு. முன்னுரை எங்கிருந்து வந்ததுன்னு வீட்டுக்கு வந்து தேடினேன். இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கிற ஷோத்கங்காவுலயே மூலம் கிடைச்சது, வரிக்கு வரி அப்படியே. என் எம்.இ. ரிப்போர்ட்ல இருந்தும் ரெண்டு படத்தை உருவியிருந்தாங்க.

நேர்காணல்ல நடந்ததைச் சொன்னேன், பொறுமையாத்தான் கேட்டாங்க. சீட் கிடைக்கலை. இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வெளியே வந்தப்போ எனக்குக் கை நடுங்கினது நிஜம்.

போலி ஆராய்ச்சிக் கட்டுரையைத் தயாரிச்சு விக்கிற, 'பேப்பர் மில்'னு சொல்ற இந்தத் தொழில் எவ்வளவு பெருசுன்னு அப்புறம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஹிந்தாவிங்கிற பதிப்பகத்தோட இதழ்கள்ல வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை 2023ல மட்டும் திரும்பப் பெற்றிருக்காங்க. கட்டுரையைத் தயார் பண்ணி வச்சுக்கிட்டு எழுதினவங்கன்னு பேர் போடற இடத்தை விலைக்கு விக்கிறாங்க. காசு கொடுத்து வாங்கற அந்த மூணு பேருக்கு நடுவுல, நிஜமான எம்.இ. பட்டமும் நிஜமான கையெழுத்தும் உள்ள ஒரு ஆள் இருந்தா அவங்களுக்கு வசதி. அந்த ஆளா என்னை வச்சுக்கிட்டாங்க. கட்டுரையோட பதிப்புரிமையை இதழுக்கு மாத்திக் கொடுக்கிற படிவத்துல இருக்கிறது நான் வெள்ளைத் தாள்ல போட்டுக் கொடுத்த அதே கையெழுத்து, பேனா மை விட்டுப் போன இடம் உட்பட.

எடுக்கச் சொல்லி இதழுக்கு எழுதினா, 'தொடர்புக்குரிய ஆசிரியர் மட்டுமே கேட்கலாம்'னு பதில் வந்தது. கட்டுரையை எழுதினவங்கள்ல இதழோட கடிதப் போக்குவரத்து வச்சுக்கிறவரைத்தான் அப்படிச் சொல்றாங்க. தொடர்புக்குரிய ஆசிரியர் யாருன்னா, நானேதான்! என் பேர்ல அவங்களே ஒரு ஜிமெயில் தொடங்கி அதைக் கொடுத்திருக்காங்க. பாஸ்வேர்டு அவங்ககிட்ட. ஆதார் காப்பியோட திரும்ப எழுதினேன். அப்ப, திரும்பப் பெறும் கட்டணம் 150 டாலர் கட்டுங்கன்னாங்க. ஒழுங்கான இதழ் எதுவும் பொய்க் கட்டுரையை எடுக்க எழுத்தாளர்கிட்ட காசு கேட்காது. இன்னொண்ணும் தெரிய வந்தது: அந்த வலைத்தளமே ஒரு நிஜ இதழோட பேரையும் ஐ.எஸ்.எஸ்.என்.ங்கிற இதழ் அடையாள எண்ணையும் திருடி நடத்துற போலி. அசல் இதழோட ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன், அவங்க உடனே பதில் போட்டாங்க, அவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான். ஆராய்ச்சி இதழ்களைப் பட்டியல் போடற தளம் ஸ்கோபஸ். 'ஸ்கோபஸ் பேப்பர்'னு யாராவது சொன்னா அவங்க அனுப்புற லிங்க்கை அழுத்தாம, ஸ்கோபஸ் தளத்துல இதழோட பேரைத் தேடி அங்க கொடுத்திருக்கிற முகவரி வழியாப் போங்க. இத்தனைக்கும் பிஎச்.டி. முடிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்கணும்ங்கிற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022லயே எடுத்துடுச்சு. பல்கலைக்கழகங்கள் தங்களோட விதியில் கேட்கலாம், அதை அந்தப் பல்கலைக்கழகத்துலயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

இப்ப நான் பண்ணியிருக்கிறது: பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்ல புகார். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சா எப்படிப் போடறதுன்னு சொல்வாங்க. போலி ஜிமெயிலுக்கும் கையெழுத்துக்கும் சைபர் கிரைம்ல தனிப் புகார், அதுக்கு உதவி எண் 1930. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடற கூகுள் ஸ்காலர்ல என் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டுரையை நீக்கினேன், ஆராய்ச்சியாளர்களுக்கான அடையாள எண்ணான ஓ.ஆர்.சி.ஐ.டி. ஒண்ணு எடுத்து, நிஜமா நான் பண்ண வேலையை மட்டும் அதுல போட்டு வச்சிருக்கேன். இனி எங்க விண்ணப்பிச்சாலும் புகார் நகலை முதல்லயே இணைச்சு அனுப்பப் போறேன்.

அந்த மையத்துல சர்டிஃபிகேட்டோ கையெழுத்தோ கொடுத்தவங்க யாராவது இருந்தா, இன்னைக்கே உங்க பேரையும் காலேஜ் பேரையும் சேர்த்து கூகுள் ஸ்காலர்ல தேடிப் பாருங்க. ஏதாவது வந்தா முதல் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லுங்க. தனித்தனியா ஓடறதை விட எல்லாப் புகாரையும் ஒண்ணாக் கொண்டு வாங்கன்னு வக்கீல் கேட்டிருக்காரு.