‘வானவில் பாப்பி’ விதை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிவப்பு, நீலம், ஊதா, கறுப்பு என்று எல்லா நிறங்களிலும் பூப்பதாகச் சொல்லப்படும் காட்டு பாப்பி விதைகள் இப்போது இணையச் சந்தைகளில் மலிந்து கிடக்கின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முற்றத்தில் பூச்செடி வளர்ப்பதும் அவற்றை நெருங்கிப் படமெடுப்பதும் என் பொழுதுபோக்கு. அப்படியொரு கடை என்னிடம் 28 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஏமாற்றியது. தொகை சிறியதுதான், ஆனால் ஏமாற்றும் முறை நிதானமாகத் திட்டமிடப்பட்டது, அதில் சட்டச் சிக்கலுக்கும் இடமிருக்கிறது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

‘உள்ளூர்க் கையிருப்பு, மலேசிய வெயிலுக்கு ஏற்றது, முளைப்புக்கு உத்தரவாதம்’ என்பது விளம்பரம். வந்து சேர்ந்ததோ, வெளிநாட்டு அஞ்சல் முத்திரையுடன், உள்ளே இருப்பது அணிகலன் என்று எழுதப்பட்ட ஓர் உறை. விதைப் பொட்டலத்தில் தாவரப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. வெளிநாட்டு விதைகளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி தேவை என்பதனால்தான் இந்த அணிகலன் வேடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விதைகள் முளைக்கவே செய்தன, அதுவும் மளமளவென்று. சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. பால்மரம் வெட்டிய (ரப்பர்ப் பால் எடுத்த) காலத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டின் பின்புறம் கீரை போட்டுப் பழகிய அவர், வேலியருகே நின்று பார்த்துவிட்டு, “தம்பி, இது தண்டுக்கீரதானே, இதப் போய் ஏன் பூச்சட்டியில வச்சிருக்க?” என்றார். கூட்டு நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத விதையின் செடியைச் சமைக்க மனம் வரவில்லை.

கடைக்காரரிடம் கேட்டபோது, பூக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். பிறகு பூவின் படத்தை அனுப்பச் சொன்னார். அதன்பின், பொருளைத் திருப்பும் தவணை முடிந்துவிட்டது என்று கைவிரித்தார். சூட்சுமமே இங்குதான் இருக்கிறது: விதை செடியாகி உண்மை தெரிவதற்குள் புகார் செய்யும் காலம் கடந்துவிடும் என்பதை இந்தக் கடைகள் கணக்குப் பண்ணியே விற்கின்றன. ஆகவே செடியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று காத்திராமல், பொட்டலம் பிரித்த அன்றே விதையைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கைப்பேசியில் மாட்டும் சிறிய உருப்பெருக்கு வில்லையே போதும். மிச்சமிருந்த விதைகளை வெள்ளைத் தாளில் பரப்பிப் படமெடுத்தேன். ஒவ்வொன்றும் கறுத்து, பளபளத்து, தட்டையாக்கிய உருண்டை போலிருந்தது. அது கீரை விதையின் அச்சு அசல் வடிவம். ஐரோப்பாவின் வயல்களில் தானாக முளைக்கும், வயல் பாப்பி எனப்படும் சிவப்பு பாப்பியின் விதை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது, சிறுநீரக வடிவம் கொண்டது, பளபளப்பில்லாத பழுப்பு நிறமுடையது. அதன் மேற்பரப்பு முழுவதும் வலைப்பின்னலாகக் குழிகள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

விளம்பரப் படத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். அந்தக் கடையின் எல்லா நிறப் பூக்களிலும், ஒரே இதழின் ஒரே ஓரத்தில், இறக்கை நுனி கிழிந்த ஒரே தேனீ உட்கார்ந்திருந்தது. நீலப் படத்தில் தேனீயின் வயிற்றுப் பட்டை வரைக்கும் பச்சையேறியிருந்தது. வயல் பாப்பியில் சிவப்பும், அதிலிருந்து உருவாக்கிய இளஞ்சிவப்பு, வெள்ளை, சாம்பலோடிய ஊதா வகைகளும் உண்டு. பளிச்சென்ற நீலம் கிடையாது. நீல பாப்பி எனப்படுவது இமயமலைப் பகுதியில் வளரும் வேறொரு பேரினம்.

வந்தது அசல் விதையாகவே இருந்திருந்தாலும் எங்கள் ஊரில் பூத்திருக்குமா என்பது ஐயமே. வயல் பாப்பிக்குக் குளிர்ந்த மண் வேண்டும். வட இந்தியச் சமவெளியில்கூட அதைக் குளிர்காலப் பூவாகத்தான் வளர்க்கிறார்கள். ஆணிவேர்ச் செடியாதலால் நாற்றுப் பிடுங்கி நட்டாலும் ஒத்துக்கொள்ளாது. குளிரான கேமரன் மலையில் முயன்று பார்க்கலாம். பகலில் 32 டிகிரியைத் தொடும் தாழ்நிலத்தில், காசைக் கரியாக்காமல், காஸ்மோஸ், சின்னியா, பத்துமணிப்பூ வைப்பது மேல்.

நான் விடாமல் கேட்டதும், சமாதானமாக ‘ராட்சத பாப்பி’ விதைகளை இலவசமாக அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். அவர் காட்டிய படத்தில், நீலப்பச்சை நிறத்தில் மழமழவென்ற இலைகள் தண்டைத் தழுவியிருந்தன. பூவின் நடுவே பருத்த காய். அது அபினிச் செடி, நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவைத் தரும் அதே செடி. வயல் பாப்பியின் இலை பிளவுபட்டு, ரோமம் படர்ந்து இருக்கும். மளிகைக் கடையில் கசகசா கிடைக்கிறதே என்று யாரும் துணிய வேண்டாம். 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு அபினி தரும் செடியை வளர்ப்பதையே குற்றமாக்கி, நீண்ட சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. உடனே மறுத்து, அந்த உரையாடலைப் படம்பிடித்து வைத்துக்கொண்டேன்.

உள்நாட்டு விற்பனையாளர் என்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ‘உள்ளூர்க் கையிருப்பு’ என்று பொய் சொல்லி வெளிநாட்டிலிருந்து அனுப்புபவரிடம் அது பலிப்பது கடினம். எனவே பொட்டலம், உறை, அஞ்சல் முத்திரை, விதையின் நெருக்கப் படம் ஆகியவற்றைச் சேர்த்து, பொருள் கிடைத்ததாக உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே சந்தைத் தளத்திடம் புகார் செய்யுங்கள். எஞ்சிய விதைகளைக் கால்வாயிலோ செம்பனைக் காட்டிலோ கொட்டாமல், உறையோடு மூடிக் கட்டி, வட்டார விவசாய அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.