கேட்டில் பெயிண்ட் காயவில்லை: காத்திருப்பதா, மேலே அடிப்பதா, சுரண்டுவதா?

ஒரே டின் கறுப்பு எனாமல். பாதியை சேலம் அஸ்தம்பட்டி வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்தோம், மீதியை ஏற்காட்டு வீட்டு கேட்டுக்கு. சேலத்தில் அடித்தது மறுநாள் காலையே இறுகிவிட்டது. ஏற்காட்டில் அடித்தது எட்டாம் நாளும் பிசுபிசுவென்றே இருந்தது. கொண்டியில் கை வைத்தால் விரல் ரேகை அப்படியே பதிந்தது. கீழ்த் தகட்டில் சில்வர் ஓக் சருகும் கொசுவும் ஒட்டிக்கிடந்தன.

டின்னில் கோளாறு இருந்திருந்தால் சேலத்திலும் காய்ந்திருக்காது. கறுப்பு எனாமல் வருஷக்கணக்கில் டின்னிலேயே கிடந்தால், உலரவைக்கும் டிரையரைக் கறுப்புப் பொடியே உறிஞ்சிக்கொள்ளும்; அப்போது எந்த ஊரில் அடித்தாலும் ஒட்டும். இங்கே அது இல்லை. அப்படியானால் மலையில் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: காற்று சரியில்லை, அல்லது பெயிண்டில் ஏதோ கலந்திருக்கிறது.

எனாமல் இரண்டு கட்டமாகக் காயும். முதலில் டர்பென்டைன் ஆவியாகிப் போகும். அப்புறம் அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து இறுகும். இந்த இரண்டாம் கட்டத்துக்குச் சூடு வேண்டும். ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம். நவம்பர் மூடுபனியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். இரும்பு சாயங்காலமே குளிர்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படியும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக் கூடாது, பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு.

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேல் கம்பிகளை முடித்ததும் டர்பென்டைன் தீர்ந்துவிட்டதாம். கீழ்த் தகட்டுக்கு மண்ணெண்ணெய் கலந்து, நாலு மணிக்கு மேல், ஒரே கையில் (ஒரே பூச்சாக) கெட்டியாக அடித்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் முழுசாகப் பறக்காது. அதன் கனமான பகுதி பெயிண்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஆக, ஒரே கேட்டில் இரண்டு விதமான நோய்.

முதல் வழி, காத்திருப்பது. செலவே இல்லை. குளிரும் ஈரமும் மட்டும் காரணம் என்றால் இதுதான் சரி. யாரும் பார்க்காத ஒரு மூலையில் தினமும் ஒரே நேரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் நாளுக்கு நாள் குறைந்தால் விட்டுவிடுங்கள், பத்து நாள் கொடுக்கலாம். ராத்திரியில் தார்ப்பாய் சுற்றுவது வேண்டாம். காற்று அடைபட்டால் பெயிண்டுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, உள்ளே ஈரமும் வேர்க்கும்.

ஹாலஜன் விளக்கு வைத்துச் சூடு காட்டுவதைச் சிலர் சொல்வார்கள். கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய சின்ன கிரில்லுக்குச் சரி, அதுவும் இரண்டடி தள்ளி வைத்து. வெளியில் நிற்கும் கேட்டுக்குப் பயன் இல்லை.

அடுத்தது, எல்லோரும் சொல்வது. எங்கள் பெயிண்டரும் சொன்னார்: “மேல ஒரு கை ஓட்டிட்டா இழுத்துக்கும்ங்க.” இழுக்காது. காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல மேலே தோல் கட்டும், கீழே இருப்பதற்குக் காற்றே போகாது. வெயில் ஏறினால் தோல் சுருங்கும், ஆறு மாதம் கழித்தும் நகம் இறங்கும். வேகமாகக் காயட்டும் என்று என்.சி. தின்னர் (சீக்கிரம் பறக்கும், காரமான லாக்கர் தின்னர்) கலந்த பெயிண்டை மேலே அடித்தால் இன்னும் மோசம்; அடியில் உள்ளதையும் கிளப்பிவிடும். இந்த வழிகளில் இதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

கடைசி வழி, சுரண்டி எடுப்பது. கூலியும் நேரமும் அதிகம்தான். ஆனால் மண்ணெண்ணெயோ கிரீஸோ காரணம் என்றால் வேறு வழியே கிடையாது. உப்புத்தாளை எடுக்காதீர்கள், பிசுபிசுப்பில் இரண்டு தேய்ப்பிலேயே அடைத்துக்கொள்ளும். பட்டித் தகட்டால் வழித்தால் தார் மாதிரி சுருண்டு வரும். மிச்சத்தை டர்பென்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மூலை முடுக்குக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர், கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில். இரும்பு வெளியே தெரிந்ததும் கடைசியாக ஒருமுறை தின்னரால் துடைத்தால் எண்ணெய்ப் பசை போகும். துடைத்த துணியைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசின் இறுகும்போது சூடு கிளம்பும், குவியல் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள்.

கேட் பழசு என்றால் இன்னொரு கவனம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு அடியில் இருந்தால் தூசி பறக்கச் சுரண்டாதீர்கள். நனைத்தே எடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

எங்கள் கேட்டுக்கு இரண்டையும் செய்தோம். மேல் கம்பிகளைத் தொடவே இல்லை. பன்னிரண்டாம் நாள் நகம் இறங்கவில்லை. கீழ்த் தகட்டை முழுசாக வழித்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் மெல்லிசாக இரண்டு கை. காலை பத்து மணிக்குப் பனி விலகி, தகட்டைத் தொட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக இருந்தபோது ஆரம்பித்து, ஒரு மணிக்கெல்லாம் பிரஷ்ஷைக் கழுவிவிட்டோம். இரண்டாம் கைக்கு முன் ஒரு நாள் முழுக்க விட்டோம். கலக்க டர்பென்டைனை இந்த முறை சேலத்திலிருந்தே இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.