உப்புக்காற்றில் ஒரு வீடு: வாங்கும்போது கவர்ந்தவையும் வாழும்போது பயன்பட்டவையும்

உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள இந்த வீட்டை நாங்கள் 2013 ஆம் ஆண்டில் வாங்கினோம். அதன் பின்னர், கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் திருகோணமலையில் வீடு தேடி வரும் உறவினர்களுக்குத் துணையாகப் பல வீடுகளுக்குள் சென்று வந்திருக்கிறேன். வீடு பார்க்க வருபவர்களின் கண்கள் எங்கே நிற்கும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்: ஆளுயரக் கண்ணாடி யன்னல், முகம் தெரியும் மாபிள் தரை, பன்ட்ரி அலுமாரிகள் வரிசையாகப் பொருத்திய குசினி, மாடிப்படியின் மினுங்கும் கைப்பிடி, கூரையில் சூரிய மின்தகடுகள். இவற்றில் சில உண்மையிலேயே பெறுமதியானவை. ஆனால் நம்முடைய ஊரில் ஒரு வீடு வாழத்தக்கதா என்பதைப் பெரும்பாலும் காற்றும் உப்பும் நீருமே தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு ஏற்றவாறு கட்டப்பட்ட அம்சங்களோ பார்வையாளரின் கண்ணில் எளிதில் படுவதில்லை. பத்தாண்டுக்கு மேல் குடியிருந்த அனுபவத்தைக் கொண்டு, எந்த அம்சம் எப்படி உழைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்களை முதலில் ஈர்த்தது கிழக்கு நோக்கிய அகன்ற விறாந்தை. இன்று இந்த வீட்டில் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டாலும் அதையே சொல்வேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வீட்டின் நிழலே விறாந்தையை மூடிவிடும். அதே நேரத்தில் கடற்காற்றும் எழும். பிள்ளைகள் படித்ததும், மாமி கீரை ஆய்ந்ததும், வந்தவர்களை இருத்திப் பேசியதும் அங்கேதான். கிழக்கு விறாந்தைக்கு ஒரு குறையும் உண்டு. நவம்பர் தொடங்கி வாடைக்காற்றோடு வரும் மழை நேராக விழாமல் சாய்ந்து அடிப்பதால், விறாந்தையின் பாதி நனைந்துவிடும். எங்கள் வீட்டில் கூரை மூன்றடி வெளியே நீண்டிருப்பதாலும், தரை வாசற்பக்கமாகச் சற்றுச் சரித்துப் போடப்பட்டிருப்பதாலும், நனைந்த நீர் உள்ளே வராமல் வழிந்தோடிவிடுகிறது. விறாந்தையின் அகலத்தைப் பார்த்து மகிழ்பவர்கள் அதன் கூரை எவ்வளவு தூரம் நீள்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வாளி நீரை ஊற்றினாலே தெரிந்துவிடும்.

வாடையைவிடப் பெரிய சோதனை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறிய காற்றாக நம்மை வந்தடைகிறது. மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாட்களில், மேற்குச் சுவர் மாலையிலும் தொட முடியாதபடி கொதிக்கும். இந்த வீட்டைக் கட்டியவர் மேற்குப் பக்கத்தில் குளியலறை, களஞ்சிய அறை, மாடிப்படி ஆகியவற்றை அடுக்கிவிட்டு, படுக்கையறைகளை வடகிழக்கில் வைத்திருக்கிறார். மேற்கு வளவில் ஒரு வேப்பமரமும் நிற்கிறது. வீடு பார்க்க வந்த எவரும் இதனைப் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் மின்பட்டியல் குறைவாக இருப்பதற்கு இந்த அமைப்பே முதற்காரணம். படுக்கையறைகளில் பெரும்பாலான இரவுகளுக்கு மின்விசிறியே போதுமானது.

பெரிய கண்ணாடி யன்னல்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது கட்டி விற்கப்படும் வீடுகளில் இவைதான் முதன்மையான கவர்ச்சி. கிழக்கிலோ வடகிழக்கிலோ, மேலே போதிய மறைப்போடு, திறக்கக்கூடியதாக இருந்தால் அந்த யன்னல் ஒரு செல்வம். அதே யன்னல் மேற்கிலோ தென்மேற்கிலோ திறக்க முடியாத ஒரே கண்ணாடியாக இருந்தால், அந்த அறையைக் குளிரூட்டி இல்லாமல் பயன்படுத்த இயலாது. தடித்த திரைச்சீலை போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்தபின் திரைச்சீலை வெளிச்சத்தைத்தான் தடுக்கும். வெப்பம் ஏற்கனவே அறைக்குள் வந்திருக்கும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்ற நம்பிக்கையும் நமது அகலக்கோட்டில் முழுமையாகப் பொருந்தாது. ஏறக்குறைய ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்பதால், வடக்கு யன்னலுக்கும் மேலே ஒரு சிறு மறைப்பேனும் தேவை. நுளம்பு வலை இல்லாத யன்னலை நான் யன்னலாகவே கணக்கெடுப்பதில்லை. 2017 ஆம் ஆண்டில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது எமது மாவட்டம் பட்ட துன்பத்தைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பதால், இரவில் கட்டிலுக்கு வலை கட்டுவது மட்டும் போதாது.

அடுத்தது உப்பு. கடலுக்கு அண்மையில் இருப்பதையே விற்பவர் முதற்சிறப்பாகச் சொல்வார், வாங்குபவரும் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பார்; அந்த அண்மைக்கான வாடகையை வீட்டிலுள்ள ஒவ்வோர் இரும்பும் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மாடிக் கைப்பிடி துருவேறா உருக்கினால் ஆனது. உள்ளே இருக்கும் பகுதி இன்றும் புதிதுபோல் இருக்கிறது. பல்கனிப் பகுதியில் சில வருடங்களிலேயே கபில நிறப் புள்ளிகள் தோன்றின. கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 304 என்ற வகை. கடற்கரைக்குப் பொருத்தமானது மொலிப்டினம் சேர்ந்த 316 என்ற வகை. விலை கூடியது, ஆனால் வெளிப்புறத்துக்கு அதுவே ஏற்றது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எந்த வகை போட்டீர்கள் என்று கேட்டு, பற்றுச்சீட்டைப் பார்ப்பதே வழி. அலுமினிய யன்னல்களின் சட்டங்கள் நன்றாகவே நிற்கின்றன. கறள் பிடித்துத் தேய்ந்தவை அவற்றின் சில்லுகளும் திருகாணிகளும்தான். மாதமொருமுறை நல்ல நீரால் கழுவித் துடைத்தால் அவற்றின் ஆயுள் தெளிவாகவே கூடுகிறது. முதிரை மரத்தில் செய்த நிலைகளுக்கும் கதவுகளுக்கும் இத்தனை வருடங்களில் வார்னிஷ் பூசியதைத் தவிர வேறு செலவு எதுவும் இல்லை. பழைய வீடொன்றில் முதிரைக் கதவுகளைக் கண்டால், அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிய நாகரிகக் கதவு போடும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியின் நிலையை அறிவது இதைவிட முக்கியம். உப்பு ஊடுருவிக் கம்பி கறள் பிடிக்கும்போது, கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீற் வெடித்துக் கழன்று விழும். புதிதாக நிறம் பூசிய வீட்டில் சுவரைப் பார்த்து எதுவும் அறிய முடியாது. யன்னலுக்கு மேலுள்ள மறைப்பின் அடிப்பக்கத்தையும், பல்கனியின் அடிப்பக்கத்தையும், தண்ணீர்த்தாங்கி நிற்கும் தூண்களையும் பார்க்க வேண்டும். நீளவாக்கில் நேர்கோடாக ஓடும் வெடிப்பு தெரிந்தால் உள்ளே கம்பி ஓடும் வழியே அந்த வெடிப்பும் ஓடுகிறது என்று கொள்ளலாம். அண்மையில் சீமெந்து பூசி மறைத்த அடையாளம் இருந்தால், நம்பகமான மேசன் ஒருவரை அழைத்துச் சென்று தட்டிப் பார்க்கச் செய்வது அவசியம். உள்ளே கழன்ற இடம் வெறுமையான ஒலி தரும்.

நீரைப் பொறுத்தவரை, குழாய் நீரும் கிணறும் இரண்டும் இருக்கும் வீட்டையே நான் முதலிடத்தில் வைப்பேன். எங்கள் குழாய்க்கு வரும் நீர் கந்தளாய்ப் பக்கமிருந்து வருகிறது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதுவே. குளிக்கவும் துவைக்கவும் மரங்களுக்கு ஊற்றவும் கிணறு உதவுகிறது, குழாயில் நீர் நின்ற நாட்களில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் உதவியிருக்கிறது. கரையோர மணலில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். ஆகவே வலுவான மோட்டர் பூட்டியிருப்பது கரையோரக் கிணற்றுக்குச் சிறப்பு அன்று. கிணற்று நீரைத் தை மாதத்தில் குடித்துப் பார்த்து நல்லதென்று முடிவுசெய்யக் கூடாது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் வாயில் விட்டுப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 15 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். இப்போது துண்டு துண்டாக விற்கப்படும் எட்டுப் பேர்ச் காணி என்பது 2,178 சதுர அடிதான். அதில் நமது மலக்குழியைத் தள்ளி வைத்தாலும் அயல்வீட்டாருடையது மதிலுக்கு மறுபக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டறிவது நமது பொறுப்பு.

குசினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபத்தோடு இணைந்த திறந்த குசினியும் பன்ட்ரி அலுமாரிகளும் பார்வைக்கு அழகானவை. ஆனால் மீன் பொரிக்கும் வீட்டில் மணமும் எண்ணெய்ப் புகையும் மண்டபம் வரை வரும். அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த அலுமாரிகள், கழுவுதொட்டியின் கீழ்ப்பகுதியில்தான் முதலில் ஊதிப் பெருக்கும். எங்கள் வீட்டின் பின்புறம் சிம்னியோடு கூடிய ஒரு விறகடுப்புக் குசினி இருந்தது. 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில், எங்கள் வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் சோறு அங்கேதான் வெந்தது. வீடு வாங்குபவர்கள் இடித்துவிடலாம் என்று முதலில் கைகாட்டுவது பெரும்பாலும் அந்தப் பின்குசினியைத்தான். அதனை விட்டுவைக்கும்படி நான் வற்புறுத்துவது வழக்கம்.

அதே 2022 இன் மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. கூரையில் சூரிய மின்தகடு இருக்கும் வீடுகளிலும் அப்போது இருள்தான் என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. மின்வழங்கலோடு இணைக்கப்பட்ட சாதாரண அமைப்பு, மின்கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக, வழங்கல் நின்றவுடன் தானும் நின்றுவிடும். மின்கலம் உள்ளதா, இல்லையா என்று கேட்காமல் அந்தத் தகடுகளுக்கு விலை மதிக்க முடியாது. கட்டணத்தைக் குறைப்பதற்கு அவை நல்லவையே. கடற்காற்றில் அவற்றைத் தாங்கும் சட்டங்களின் ஆணிகளையும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். 2020 டிசெம்பரில் புரவிப் புயல் நம் கரையைக் கடந்தபோது, அன்றிரவு கூரையில் என்ன நடக்கிறதென்று கேட்டுக்கொண்டு விழித்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தரையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வழுக்கும் மாபிள், மழைநாளில் முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆபத்தானது, மாமி இன்றும் விறாந்தையின் பழைய சிவப்புச் சீமெந்துத் தரையில்தான் தயக்கமின்றி நடக்கிறார். தரையின் பளபளப்பைவிடத் தரைமட்டத்தின் உயரமே பார்க்கப்பட வேண்டியது. நமக்கு வருட மழையில் ஏறக்குறைய பாதி, நவம்பர், டிசெம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் கொட்டிவிடுகிறது. வீதிகள் திருத்தப்படும்போதெல்லாம் சற்று உயர்ந்துவிடுவதால், ஒருகாலத்தில் மேட்டில் நின்ற வீடு இன்று வீதியைவிடத் தாழ்ந்திருக்கக்கூடும். எங்கள் வீட்டின் அத்திவாரம் வீதிக்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறது. வளவுக்குள் ஏறும் சரிவு சற்றுச் செங்குத்தாக இருப்பது மோட்டார் சைக்கிளுக்குச் சிரமமென்று வந்தவர்கள் குறை சொல்வதுண்டு; அந்தச் சரிவுதான் இத்தனை மாரிகளிலும் நீரை வீட்டுக்கு வெளியே நிறுத்தியது. மாடியில் ஒரு அறையேனும் இருப்பது, 2004 டிசெம்பர் 26 ஐக் கண்ட ஊரில், மனதுக்கு எவ்வளவு ஆறுதல் தருமென்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலோர வீட்டுக்கு இன்னொன்று: உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகக் கருதப்படுகிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குள் கட்டுவதற்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். உறுதியையும் நில அளவைப் படத்தையும் நொத்தாரிசிடம் காட்டும்போதே, பின்னர் சேர்த்துக் கட்டிய மாடிக்கும் மதிலுக்கும் அனுமதி உள்ளதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது எனது மச்சாள் குடும்பத்தினர் அலஸ்தோட்டப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் மேற்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களை இருக்கச் செய்தேன். பல்கனியின் அடிப்பக்கத்தை மேசனோடு பார்த்தோம். கிணற்று நீரில் கைகழுவிப் பார்த்தோம். மூன்றிலும் வீடு தேறியது. வீதிக்கும் வாசலுக்கும் உயர வேறுபாடு குறைவாக இருப்பதால், மாரி மழையில் ஒருமுறை பார்த்தபின் முற்பணம் கொடுப்பதாக விற்பவரிடம் கேட்டார்கள், அவரும் நவம்பர் இறுதிவரை பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.